மயிரிழைக் கம்பிக்கு ஓர் இரும்பு

எஸ்டேட் கணக்கு எழுதும் பழனியப்பன் கிராணி தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்திருந்தார். ஆபீஸ் அறைக்குள் நுழைந்த நாகரத்தினத்தின் மூக்கில் முதலில் ஏறியது அந்த வாசனைதான். லயத்துப் பிள்ளைகளின் சொறிசிரங்குக்குத் தடவ ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. மலைக்கு எண்ணெய் ஏறி வந்து எட்டு மாதம் ஆகிறது. இவர் தலையிலிருந்து மட்டும் அது வழிந்து, ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்ற கம்பளிக் கோட்டின் காலரில் கறையாய் இறங்கியிருந்தது.

"வா ரத்தினம், வா. உனக்கு நல்ல காலம் பொறந்திருக்கு" என்ற கிராணி, வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை மேசையோரத்துப் பீங்கான் கிண்ணத்தில் துப்பினார். தேயிலைச் சாயத்தை ருசி பார்க்கத் துரை வைத்திருந்த வெள்ளைக் கிண்ணம் அது. அந்தத் தேயிலையை ஒன்பது வருஷம் பெட்டியில் அடைத்து மூடியவன் நாகரத்தினம். கிண்ணத்தைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேசைமேல் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று கித்தார். இன்னொன்று பெயர்ப் பட்டியல்.

பட்டியலைப் பற்றி எஸ்டேட்டில் தெரியாதவர் இல்லை. ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதைக்கு நாற்பது ஆள். வெள்ளிக்கிழமை காலை லோரி. இதற்கு முன் ரிங்லெட் பக்கத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போன ஆட்களில் ஒருவனிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. கிராணி பெயர்களை மையால் எழுதமாட்டார், பென்சிலால்தான் எழுதுவார். ஏன் என்றும் எல்லாருக்கும் தெரியும். ஒரு கோழி வந்தால் ஒரு பெயர் அழியும். புதுச் சாரோங் வந்தால் இன்னொன்று அழியும். பதினேழாவது பெயர் தங்கராஜு. நாகரத்தினத்தின் கூடப்பிறந்த ஒரே தம்பி, வயது இருபத்திரண்டு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து வீட்டில் கோழியும் கிடையாது, புதுச் சாரோங்கும் கிடையாது.

கிராணி கித்தாரைத் தட்டிக் காட்டினார். சாதாரணக் கித்தாருக்கு இருக்கிற வயிறு இதற்கு இல்லை. துடுப்புக் கட்டை மாதிரி இருக்கும். மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் ஓர் இரும்புத் துண்டைத் தேய்த்து வாசிக்கிற ஹவாய்க் கித்தார். சத்தம் ஒரு வயர் வழியாக ரேடியோ போன்ற பெட்டிக்குள் ஓடி, பெரிதாகி வெளியே வரும். துரை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தார். இப்போது துரை பங்களாவில் இருக்கிற ஜப்பான் அதிகாரி, எல்லாரும் மாஸ்டர் என்று கும்பிடுகிற அந்த மனிதர், தினமும் வாசித்துக்கொண்டிருந்தார். போன வாரம் யாரோ வயரில் கால் இடறியதிலிருந்து அது ஊமையாகிவிட்டது.

"வியாழக்கெழம சாயந்தரம் தாப்பாவுலேருந்து பெரிய மாஸ்டர் வர்றாரு. விருந்து. கித்தார் பாடணும். ஈயம் பத்தவைக்கிற ஆளு நம்மகிட்ட இருக்கான்னு நான் வாக்கு குடுத்துட்டேன். அது பாடிச்சுன்னா பதினேழாம் நம்பர அழிச்சிருவேன்."

"ஐயா, நான் தேயிலப் பெட்டி பத்தவச்சவன். இந்தச் சாமான என் சென்மத்துல தொட்டதில்ல."

"ஈயம் ஈயந்தானே லா! பெட்டியென்ன, கித்தாரென்ன?" கிராணி சிரித்தார். சிவந்த பல்லிடுக்கிலிருந்து ஒரு வெற்றிலைத் துணுக்கு பறந்து நாகரத்தினத்தின் கையில் ஒட்டியது. அதை அவர் எதிரே துடைக்கவும் முடியாது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த இடத்தைத் தேயிலைச் செடியில் தேய்த்துக்கொண்டே போனான்.

திங்கட்கிழமை முழுக்க அவன் கித்தாரைப் பார்ப்பதிலேயே கழித்தான். நான்கு திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினால், உள்ளே ஒரு சுருள் இருந்தது. தலைமயிர் கனத்தில் செம்புக் கம்பி, ஆயிரம் சுற்றுக்குக் குறையாது. அதன் முனை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகின் தகட்டுக் காதில் ஒட்டியிருக்க வேண்டியது. அங்கேதான் அறுந்திருந்தது. சுருளுக்கு வெளியே மிச்சமிருந்த கம்பி ஒரு நகத்தின் நீளம். கம்பிமேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு. சூடு அந்த நகத்தின் நீளத்தைத் தாண்டிச் சுருளுக்குள் ஏறினால் பூச்சு கருகும், கித்தார் அத்தோடு செத்துவிடும். மறுபடி செய்து பார்க்க இடமில்லை. ஒரு தடவைதான்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. ஈயத்தை உருக்கி ஒட்ட எந்த இரும்பு?

அவனுடைய சொந்த இரும்பு பேக்கிங் கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கோழிமுட்டை அளவுக்குச் செம்புத் தலை, மரப்பிடி, எடை ஒன்றரைப் பவுண்டு. பெட்டிக்குள் விரித்த ஈயத்தாளை, தேயிலை நிரப்பிய பிறகு மேலே மடித்து, கரி அடுப்பில் காய்ந்த அந்த இரும்பால் ஒரே இழுப்பில் ஒட்டி மூடுவான். ஒரு நாளைக்கு எண்பது பெட்டி. கப்பலில் கடல் தாண்டினாலும் காற்று நுழையாது. இப்போது பெட்டியும் இல்லை, கப்பலும் இல்லை. தேயிலை காயப்போட்ட மேல்மாடித் தட்டுகளில் சிப்பாய்கள் காலுறை உலர்த்துகிறார்கள். மூலையில் ஒன்றுக்குப் போகிறார்கள். கூடத்துக்குள் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போனான்.

"யானைக் கால வச்சு எறும்புக்கு மெட்டி போடப் போறியா?" என்றான் மாடசாமி. பக்கத்து வீட்டு ஒண்டிக்கட்டை, தேயிலை உருட்டும் மெஷின்களைக் கவனித்துக்கொண்டிருந்த பிட்டர். மெஷின் நின்றபின் இவனும் எல்லாரையும் போல மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தான். வாய் மட்டும் நிற்கவில்லை. போன மாதம் ஜப்பானுக்கு வணக்கம் போடும் வரிசையில், "கிராணி குனியிற குனியில கோட்டு கிழிஞ்சிரும்" என்று சொல்லி வரிசை முழுக்கச் சிரிக்க வைத்தவன். கிராணி காதிலும் அது விழுந்திருந்தது.

"வேற என்னா வழி சொல்லு" என்றான் நாகரத்தினம்.

"கரண்டு இரும்பு இருக்கு. எஞ்சின் ரூம்ல ஒளிச்சு வச்சிருக்கேன். நெருப்பு வேணாம், கரி வேணாம். சொருகினா காயும்."

எரிந்துபோன மோட்டார் ஒன்றிலிருந்து மயிரிழைக் கம்பி ஒரு கைப்பிடியும் மாடசாமி உருவிக் கொடுத்தான். நாகரத்தினம் அதைச் சமமாக நறுக்கி, ஒரு பலகையில் வரிசையாக ஊசி குத்தி வைத்தான். ஒவ்வோர் இரும்பையும் ஒரு துண்டில் வைத்துப் பார்ப்பது, ஈயம் பிடிக்கும் வரை ஒன்று இரண்டு என்று எண்ணுவது, கருப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று குச்சியால் அளப்பது. அதுதான் அவன் ஏற்பாடு.

கரண்டு இரும்பு பார்க்கப் பவிசாக இருந்தது. ஆனால் எஸ்டேட்டுக்குக் கரண்டு வருவது ஓடைத் தண்ணீர் சுழற்றும் சக்கரத்திலிருந்து. மேலே மழை பெய்தால் விளக்கு வெள்ளையாக எரியும், வெயில் அடித்தால் மஞ்சளாய் மங்கும். இரும்பும் அப்படியே. முதலில் ஈயத்தைப் பிசைந்துகொண்டு கிடந்தது. திடீரென்று எங்கோ தண்ணீர் பெருகியது போலும், முனை சிவந்தது. பலகையில் இருந்த கம்பி, புருவ மயிர் பொசுங்குகிற மாதிரி மறைந்தே போயிற்று.

"இதுக்குப் புத்தி நெலையா இல்ல. நம்ம கிராணி மாதிரி" என்று மாடசாமி அதைச் சாக்கில் சுற்றினான்.

செவ்வாய்க்கிழமை நாகரத்தினம் தானா ராத்தாவுக்கு நடந்தான். ஷஹாபுதீன் நானாவின் சாப்பாட்டுக் கடையில் சோறு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. மரவள்ளிக்கிழங்கும் வெறும் காப்பியும் விற்றுக்கொண்டே, நானா பழைய பால் டின்களில் விளக்கு செய்து விற்றார். அவரிடம் பென்சில் கனத்துக்கு முனை வைத்த சின்ன இரும்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததுமே நாகரத்தினத்துக்கு நம்பிக்கை வந்தது. சின்ன வேலைக்குச் சின்ன இரும்பு. யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

"எடுத்துக்க தம்பி. கெழங்கு சாப்பிட்டியா? சாப்பிட்டேன்னு பொய் சொல்லாத, மூஞ்சியே சொல்லுது" என்றார் நானா.

அவன் பலகையை மேசையில் வைத்துச் சோதித்தான். சின்ன இரும்பு அடுப்பிலிருந்து கம்பிக்கு வருவதற்குள் பாதி ஆறிவிட்டது. ஈயம் உருக மாட்டேன் என்றது. எட்டு எண்ணும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்து முடித்தபோது கருப்பு ஓர் அங்குலம் ஏறியிருந்தது. மறுபடி செய்தான், மறுபடியும் எட்டு. அற்பச் சூடு நின்று நின்று சுடுகிறது. ஓங்கி ஒரு அறை கொடுத்துவிட்டுப் போகிறவனைவிட, பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கிள்ளுகிறவன்தான் அதிகம் நோகடிப்பான் என்று அவனுக்குத் தோன்றியது.

நானா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை நகர்த்தினார். அத்தர் இருந்த குப்பி. இப்போது உள்ளே இருந்தது துத்தநாகத் துண்டு போட்டுக் கரைத்த திராவகம். "ஒட்டலேன்னா இத ஒரு சொட்டு விடு. எச்சி தொட்ட ஸ்டாம்பு மாதிரி ஒட்டும்."

மூடியைத் திறந்ததும் நாகரத்தினத்துக்குத் தொண்டை எரிந்தது. டின் வேலைக்காரர்கள் புழங்குவது அது. பேக்கிங் கூடத்துக்குள் அந்தக் குப்பி வாசல்படி தாண்டக்கூடாது. தேயிலை எந்த நாற்றத்தையும் இழுத்துக் குடித்துவிடும். ஒரு சொட்டுத் திராவகம் பட்டால் பெட்டி முழுக்க வீண். அதனால் தேயிலைக்காரன் ஈயம் பிடிக்கக் குங்கிலியப் பொடிதான் போடுவான். "இது கம்பியத் தின்னுரும் நானா. ஒரு மாசத்துல பச்ச பூத்து அறுந்துரும்."

நானா விளக்குத் திரியைக் கத்தரித்தபடியே சொன்னார். "வியாழக்கெழம பாடினா ஒன் தம்பி தப்பிச்சான். அதுக்கப்புறம் பச்ச பூத்தா ஒனக்கென்ன, அறுந்தா என்ன? அந்த ஆளுக்கு ஆயுசு முழுக்கப் பாடணும்னு நேர்த்திக்கடனா?"

நாகரத்தினம் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, எதற்கும் பார்ப்போம் என்று தன் ஒன்றரைப் பவுண்டு இரும்பைக் காய்ச்சி ஒரு துண்டில் தொட்டான். ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் ஈயம் கண்ணாடி போல் ஓடிப் பிடித்தது. கருப்பு ஒரு கடுகளவுதான். பெரிய இரும்புக்குள் சூடு இருப்பில் இருந்தது, சட்டென்று கொடுத்துவிட்டு விலக முடிந்தது. ஒரே குறை, அதன் மூக்கு கித்தாருக்குள் நுழையாது. அதற்கும் மாடசாமியிடமிருந்து ஒரு முழம் தடித்த செம்புக் கம்பி வாங்கி, இரும்பின் தலையில் இறுக்கி ஆறு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு விரல் நீளம் நீட்டிவிட்டு, அரத்தால் தேய்த்துக் கூராக்கினான். யானை உடம்பில் குருவி மூக்கு. புதன்கிழமை இருபது துண்டுகளில் பழகினான். இருபதும் பிடித்தன.

"கம்பிய மறக்காமத் திருப்பிக் குடு. அதுலதான் மீன் தூண்டி போடப் போறேன்" என்றான் மாடசாமி.

வியாழன் மத்தியானம் பங்களாச் சமையல்கட்டில் அடுப்பு மூட்டி உட்கார்ந்தான். கிராணி அவன் முதுகுக்குப் பின்னால், பிடரியில் மூச்சு படும் தூரத்தில் நின்றார். எண்ணெய், வெற்றிலை, வியர்வை ஊறிய கம்பளி எல்லாம் கலந்த வெதுவெதுப்பு கழுத்தில் வந்து வந்து மோதியது.

ஒரு கையில் குங்கிலியப் பொட்டலம். மறு கை சட்டைப் பைக்குள் போய்க் குப்பியைத் தொட்டது. எடுத்தான், மூடியைத் திருகினான். அந்தக் காட்டம் மூக்கில் பட்டதும் ஒன்பது வருஷப் பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது. யோசித்துச் செய்யவில்லை. கை தானாக மூடியைத் திருப்பிப் போட்டுவிட்டுக் குங்கிலியத்தைக் கிள்ளியது. இரும்பை எடுத்தான், தொட்டான், எடுத்தான். கடுகு போல் ஒரு பொட்டு. பளபளவென்று இருந்தது.

மாஸ்டர் வந்து கித்தாரை மடியில் வைத்தார். இரும்புத் துண்டு கம்பியில் வழுக்கியது. பெட்டி ஒரு முறை இருமிவிட்டு நீளமாக அழ ஆரம்பித்தது. "பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் மெச்சினார் மாஸ்டர். சொன்னது கிராணியைப் பார்த்து. கிராணி இடுப்பு ஒடியக் குனிந்தார். ஏதோ தானே ஈயம் காய்ச்சினது போல் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் கிராணி பேச்சு மாறவில்லை. ரப்பரை எடுத்துப் பதினேழாவது வரியை நாகரத்தினத்தின் கண்முன்னாலேயே தேய்த்தார். துகளை ஊதிவிட்டார். பிறகு பென்சிலை நீட்டினார்.

"யாரு பேர எழுதலாம், சொல்லு."

நாகரத்தினத்துக்குப் புரியவில்லை.

"நாப்பது தல வேணும்டா. ஒன் தம்பி போகலேன்னா அந்த எடத்துல ஒருத்தன் போகணும்ல? ஒனக்குப் பிடிக்காதவன் யாராச்சும் இருந்தாச் சொல்லு."

"என் பேர எழுதிக்குங்க."

"ஒன்னையா? நீ இப்ப மாஸ்டரோட கித்தார் வைத்தியன். ஒன்ன யாரும் தொட முடியாது லா." ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "வாயத் தொறக்க மாட்டியா? சரி, நானே பாத்துக்கறேன்." பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, நிதானமாக, குண்டு குண்டு எழுத்தில் எழுதினார். மாடசாமி.

நாகரத்தினம் பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. தம்பி பெயர் அழிந்த இடம் தாளில் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளையைப் பார்த்து வயிற்றில் ஒரு நிம்மதி பரவியதையும் அவன் கவனித்தான். அந்த நிமிஷம் கிராணியைவிட அவனுக்கு அருவருப்பாய் இருந்தது அந்த நிம்மதிதான்.

வீட்டு வாசலில் மாடசாமி தூண்டில் கழியோடு நின்றான். "என்னா வித்துவான், பாடிச்சா? கீழ வரைக்கும் கேட்டுச்சு. பூன பிரசவிக்கிற மாதிரி இருந்துச்சு. எங்க என் கம்பி?"

நாகரத்தினம் இரும்பின் தலையிலிருந்து கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினான். சூட்டில் அது கருத்திருந்தது. சொல்லாமல் விட்டால் தம்பி பிழைத்தான். சொன்னால் மாடசாமி ஓடுவான், தலை குறையும், பென்சில் மறுபடி தங்கராஜுவிடம் வரும். இதுநாள் வரை யாரும் ஓடாததற்குக் காரணம் இருந்தது. ஓடியவன் வீட்டில் அரிசிக் கார்டு பறிபோகும், மிஞ்சியவன் லோரி ஏறுவான். இந்த வீட்டில் மிஞ்சப் போகிறவனை யாரும் தொட முடியாது என்று கிராணியே சொல்லிவிட்டாரே.

கம்பியை நீட்டினான். "மீன் பிடிக்கப் போகாத, மாடசாமி. பதினேழுல இப்ப ஒன் பேரு. என் கண்ணு முன்னால எழுதினாரு. நான் சும்மா நின்னேன்."

மாடசாமியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கியது. "சும்மா நின்னியா?" என்று மட்டும் கேட்டான்.

"நின்னேன்."

மாடசாமி பக்கத்தில் காறித் துப்பினான். அது தன்மேல் விழவில்லையே என்றுதான் நாகரத்தினத்துக்கு இருந்தது. உள்ளே போய்த் தம்பியைக் கூட்டிவந்தான். "ரெண்டு பேரும் கெளம்புங்க. பிரிஞ்சாங் தாண்டி மேல காட்டுப் பக்கம் காய்கறித் தோட்டக்காரங்க இருக்காங்க. இருட்டுறதுக்குள்ள ஏறிருங்க."

"நீ, அண்ணே?" என்றான் தங்கராஜு.

"நான் வைத்தியன். எனக்கு ஒண்ணும் வராது."

வந்தது நாலு அறை. வெள்ளிக்கிழமை காலை மாடசாமியின் தலை குறைந்து, பதிலுக்கு ஏற்றத் தங்கராஜுவும் இல்லை என்றானதும், மாஸ்டர் கிராணியை அறைந்தார், கிராணி வந்து நாகரத்தினத்தை அறைந்தார். அரிசிக் கார்டு போயிற்று. ஆனால் அவனை லோரியில் ஏற்றவில்லை. தம்பியைத் தேடிக் காடு ஏறவும் நேரமில்லை. வேறு எஸ்டேட்டிலிருந்து உப்பு வாங்க நடந்து வந்த ஒருவனை ரோட்டிலேயே மடக்கி ஏற்றினார்கள். அவன் கையில் உப்புப் பை இருந்தது. அதை யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டே ஏறினான். கிராணி பட்டியலில் அவன் பெயரைக்கூட எழுதவில்லை. ஒரு கோடு போட்டார்.

சனிக்கிழமை பங்களாவிலிருந்து ஆள் வந்தது. கித்தார் வயரின் மறுமுனை, பெட்டியில் சொருகும் இடத்தில், விருந்தின்போது ஆட்டம் கண்டுவிட்டதாம். அதை இறுக்க இரண்டு நிமிஷம் போதும். இறுக்கினான். பிறகு யாரும் சொல்லாமலே கித்தாரின் நான்கு திருகாணிகளையும் கழற்றினான். அவன் வைத்த பொட்டு உள்ளே அப்படியே மின்னியது. மயிரிழை ஆடவில்லை, அசையவில்லை. இன்னும் இருபது வருஷம் இருக்கும். அத்தனை நல்ல வேலை. அதைப் பார்க்கப் பார்க்க, அன்று பீங்கான் கிண்ணத்தைப் பார்த்தபோது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

கிராணி கன்னத்தில் வீக்கத்தோடு பிடரிக்குப் பின்னால் வந்து நின்றார். தலையில் இன்றைக்கும் எண்ணெய்.

நாகரத்தினம் சட்டைப் பையிலிருந்து அத்தர் குப்பியை எடுத்தான். தீக்குச்சி ஒன்றை அதில் தோய்த்தான். ஒன்பது வருஷம் வாசல்படி தாண்ட விடாத அந்தக் காட்டம் அறையில் பரவியது.

"என்னடா நாத்தம் இது?"

"மருந்துங்க ஐயா. பத்த வச்சது கெட்டியா நிக்கிறதுக்கு." குச்சியின் நுனியைப் பளபளக்கும் பொட்டின் மேல் மெதுவாக வைத்தான்.

"அப்ப நல்லாத் தாராளமாப் போடு லா. மாஸ்டர் சாமான்."

"ஆகட்டுங்க ஐயா" என்று நாகரத்தினம் குச்சியை மறுபடி தோய்த்தான்.